மகள் எழுதும் கடிதத்தின் கீழே உங்கள் பெயர்

கேள்வி: எனக்கு வயது 44. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன், இப்போது சிங்கப்பூர்க் குடிமகன். ஏர்கான் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் டெக்னீஷியனாக இருந்து போன வருடம் சூப்பர்வைசர் ஆனேன். பேசிச் சமாளித்துவிடுவேன், எழுதுவதுதான் கஷ்டம். வெள்ளிக்கிழமை சர்வீஸைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைக்கிறோம் என்று ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பழைய மின்னஞ்சல் ஒன்றில் 'கால்ட் ஆஃப்' என்று இருந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அவர் சர்வீஸே ரத்து என்று நினைத்து வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மேனேஜர் அந்த மின்னஞ்சலை எல்லார் முன்னாலும் வாசித்தார். புட் ஆஃப், கால் ஆஃப், லுக் இன்டு, லுக் ஆஃப்டர் எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. ஒரு பட்டியல் கொடுத்தால் மனப்பாடம் செய்துவிடுவேன். வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். அவளுடைய ஆசிரியருக்கு என் பெயரில் போக வேண்டிய மின்னஞ்சலைக்கூட அவளே எழுதி அனுப்பிவிடுவாள். ஒரு பிழை இருக்காது. (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: ஒரு பிழை இருக்காது என்று உங்களுக்கு எப்படித் தெரியும், தம்பி?

புட் ஆஃபுக்கும் கால் ஆஃபுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதிய அதே கையால் 14 வயதுப் பிள்ளையின் ஆங்கிலத்துக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள். அந்த மின்னஞ்சல்களை நீங்கள் படித்ததில்லை. படித்திருந்தால் அவள் எதைப் பற்றி எழுதினாள் என்று ஒரு சொல்லாவது உங்கள் கடிதத்தில் இருந்திருக்கும். காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டாளா? வீட்டுப்பாடம் தாமதமானதற்குக் காரணம் சொன்னாளா? இணைப்பாட நடவடிக்கையிலிருந்து விலகுகிறேன் என்றாளா? பெற்றோருக்கான பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் பள்ளி கேட்கும் சம்மதத்துக்கும் உங்கள் சிங்பாஸை, அதாவது உங்கள் அரசு மின் அடையாளத்தை, அவள்தான் திறக்கிறாளா?

பிள்ளை எதையோ மறைக்கிறாள் என்று நான் சொல்ல வரவில்லை. என் கவலை வேறு. நாளைக்குப் பள்ளியில் அவளை யாராவது சீண்டினால், ஒரு பாடம் தலைக்குமேல் போனால், ஆசிரியரிடம் அவளுக்காகப் பேச அப்பா வேண்டும். உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? அப்பாவின் பெயரைப் போட்டு அவளுக்காக அவளே பேசிக்கொள்வாள். ஆசிரியரும் அப்பா எழுதுகிறார் என்று நம்பிப் பதில் போடுவார். அந்தப் பதிலையும் அவளே படித்துக்கொள்வாள். இதைத்தான் 'தொல்லை இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஆங்கிலத்தில் தன் பெயரைத் தவிர வேறு எழுதத் தெரியாது. என் ரிப்போர்ட் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சொல்லின் மேலும் விரலை வைத்து, "இது என்ன? இது என்ன?" என்று என்னையே கேட்பார். ஒரு தடவை ஆசிரியை 'டாக்கேட்டிவ்', அதாவது வாயாடி, என்று எழுதியிருந்தார். "நல்லா பேசுவான்னு எழுதியிருக்காங்கப்பா" என்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். விரல் அந்தச் சொல்லை விட்டு நகரவில்லை. அன்றிரவு கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு பள்ளி வாசலில் வந்து நின்றார். தனக்குத் தெரிந்த மலாயில் ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேனாவை எடுத்தார். பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. என்ன போகிறது என்று கேட்காமலே பெயரைக் கொடுத்துவிடுவது வேறு.

ஆபீஸில் நடந்ததும் அதே கதைதானே? யாரோ எப்போதோ எழுதிய வரி, அடியில் உங்கள் பெயர். மேனேஜர் எல்லார் முன்னாலும் வாசித்திருக்க வேண்டாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் வேறு ஆளைத் தேடிப் போனது உங்கள் மின்னஞ்சலால்தான். சூப்பர்வைசர் என்று பெயருக்குக் கீழே போட்டுக்கொண்டால் அந்தப் பெயருக்கு மேலே இருக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். பட்டியல் தர மாட்டேன். இப்படிச் சேர்ந்து வரும் வினைச்சொற்கள் அந்த மொழியில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பட்டியலாக மனப்பாடம் செய்தால், வெள்ளிக்கிழமை சாயங்கால அவசரத்தில் இரண்டையும் மறுபடி மாற்றித்தான் போடுவீர்கள்.

தமிழில் யோசித்துப் பாருங்கள். கைகொடு, கைவிடு, கைவை. மூன்றிலும் இருப்பது கைதான். ஆபத்தில் கைகொடுத்தான், ஆபத்தில் கைவிட்டான், அடுத்தவன் பணத்தில் கைவைத்தான். இதை யாரும் உங்களுக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை. ஆளோடும் சம்பவத்தோடும் சேர்த்துக் கேட்டீர்கள், ஒட்டிக்கொண்டது. ஆங்கிலமும் அப்படித்தான் ஒட்டும்.

'கால்' என்றால் கூப்பிடு. பாய்ந்து போகிற வேட்டை நாயைக் கூப்பிட்டு நிறுத்துவதற்கும் கால் ஆஃப் என்றுதான் சொல்வார்கள். நாய் திரும்பிவிட்டால் துரத்தல் அத்தோடு நின்றது. சர்வீஸை 'கால் ஆஃப்' செய்தாலும் அப்படித்தான், அந்த வேலை இனி இல்லை. 'புட்' என்றால் வை. புட் ஆஃப் என்பது தள்ளி வைப்பது. நம் 'தள்ளிவை'க்குள்ளும் அதே 'வை' உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள். வைத்த பொருள் எங்கேயும் போகாது, திங்கட்கிழமை போய் எடுத்துக்கொள்ளலாம்.

லுக் ஆஃப்டர் என்பது பார்த்துக்கொள்வது: குழந்தையை, வயதான அம்மாவை, கடையை. லுக் இன்டு என்பது என்ன ஏது என்று துருவிப் பார்ப்பது. ஏர்கானிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று புகார் வந்தால் 'வீ வில் லுக் இன்டு இட்' என்று எழுதுங்கள்.

உங்கள் வேலையில் தினமும் வருகிற இன்னொன்று: 'டர்ன் ஆஃப் தி ஏர்கான்', 'டர்ன் தி ஏர்கான் ஆஃப்', இரண்டும் சரி. ஆனால் 'இட்' போட்டால் அது நடுவில்தான் வரும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. 'லுக் இன்டு' பிரியாது, அங்கே 'இட்' கடைசியில்தான். 'ஆஃப் தி ஏர்கான்' என்று காப்பிக்கடையில் சொல்லுங்கள், இங்கே எல்லாருக்கும் புரியும். வாடிக்கையாளருக்கு எழுதும்போது 'ஸ்விட்ச்' அல்லது 'டர்ன்' முன்னால் வேண்டும். அப்புறம், தேவையில்லாத இடத்தில் ஒட்டுச்சொல்லைச் சேர்ப்பதும் நம்மவர்களிடம் அதிகம். 'டிஸ்கஸ்' தனியாக நிற்கும், அதற்கு 'அபவுட்' வேண்டாம்.

சந்தேகமாக இருக்கும் நாளில் புட் ஆஃப், கால் ஆஃப் இரண்டையும் விட்டுவிட்டு, தள்ளி வைப்பதற்கு 'போஸ்ட்போன்', ரத்துக்கு 'கேன்சல்' என்று எழுதுங்கள். கூடவே தேதி. வெள்ளியிலிருந்து திங்களுக்கு என்று இரண்டு நாளும் அந்த வரியில் இருந்திருந்தால், 'கால்ட் ஆஃப்' என்று தப்பாகப் போட்டிருந்தாலும் அவர் போன் செய்து கேட்டிருப்பார்.

வகுப்பில் சேர நினைத்தால், 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் (பயிற்சி வகுப்புகளுக்கு அரசாங்கம் பணம் போடும் கணக்கு) 4,000 வெள்ளி கூடுதலாகப் போட்டார்கள். அது எல்லா வகுப்புக்கும் செல்லாது, விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

வகுப்புக்கெல்லாம் முன்னால் இன்று ராத்திரி ஒரு வேலை இருக்கிறது. சாப்பாட்டுக்கு அப்புறம் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் பெயரில் இதுவரை அவள் ஆசிரியருக்கு அனுப்பியதை முதலிலிருந்து படித்துக் காட்டச் சொல்லுங்கள். திட்டாதீர்கள். அவளிடம் இந்த வேலையைக் கொடுத்தது நீங்கள்தான். புரியாத சொல்லில் விரலை வைத்துக் கேளுங்கள். அவள் சலித்துக்கொண்டாலும் விடாதீர்கள். பள்ளியில் உங்கள் தொடர்புக்கு யாருடைய மின்னஞ்சல் முகவரி கொடுத்திருக்கிறது என்றும் பாருங்கள். அவளுடையது என்றால் நாளைக்கே மாற்றுங்கள்.

அடுத்த முறை ஆசிரியருக்கு எழுத வேண்டி வந்தால் நீங்கள் எழுதுங்கள். இரண்டு வரி போதும். அவள் திருத்தட்டும், ஏன் திருத்தினாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் போனிலிருந்து நீங்களே அனுப்புங்கள்.