முதலில் படகின் பின்பக்கம் நிற்கப் பழகுங்கள்

தம்பி, டாலஸுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, ஆபீசில் பக்கத்து இருக்கைக்காரர் பாஸ் (bass) என்ற ஏரி மீனைப் பிடிக்கிற தன்னுடைய கிளப்புக்குக் கூப்பிடுகிறார், மாதம் ஒரு போட்டி நடக்கிறதாம், சேரலாமா, படகு வாங்க வேண்டுமா, எந்தத் தூண்டில் நல்லது, நம்மை எப்படி நடத்துவார்கள், நான் வேறு சைவம் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். தூண்டிலை விடுங்கள். யூடியூபில் அதற்கென்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எல்லாரும் எதையோ விற்கிறவர்கள். நான் படகிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஆட்கள் கெட்டுப்போவது அங்கேதான்.

வாங்காதீர்கள். இரண்டு சீசனாவது போகட்டும். 250 குதிரைத்திறன் மோட்டாரோடு புது ஃபைபர்கிளாஸ் பாஸ் படகு இன்றைக்கு 80,000 டாலரைச் சுலபமாகத் தாண்டுகிறது. அதை இழுக்க ஒரு டிரக், நிறுத்த ஓர் இடம், இன்ஷூரன்ஸ், பேட்டரி என்று செலவு பின்னாலேயே வரும். ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் வீடு வாங்குகிற நம் ஆட்களுக்கு ஹெச்ஓஏ என்று வீட்டுக்காரர்கள் சங்கம் ஒன்று இருப்பதே கடிதம் வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் கடனில் படகு எடுத்து வாசலில் நிறுத்தினார். டிரைவ்வேயில் படகு நிற்கக் கூடாது என்று உடனே ஓலை வந்துவிட்டது. இப்போது படகு வாடகைக் கொட்டகையில் தூங்குகிறது, அவருடைய வாட்ஸ்அப் படத்தில் மட்டும் ஓடுகிறது. நம்மவர்களுக்கு எதிலும் சாமான் முதலில் வந்தாக வேண்டும், பழக்கம் அப்புறம் வந்தால் போதும்.

கிளப்பில் சேரப் படகு தேவையே இல்லை. படகு வைத்திருப்பவர் போட்டர், இல்லாதவர் நான்-போட்டர். போட்டிக்கு முன் குலுக்கல் போட்டு யாரோடு யார் என்று ஜோடி சேர்த்துவிடுவார்கள். முன்தளத்தில் அவர் நிற்பார், படகை மெதுவாக நகர்த்தும் சின்ன ட்ரோலிங் மோட்டார் அவர் காலில், எந்த மூலைக்குப் போவது என்பதும் அவர் முடிவு. பின்தளம் உங்களுக்கு. அவர் வீசிவிட்டு நகர்ந்த தண்ணீரில்தான் நீங்கள் வீச வேண்டும். இதில் என்ன மரியாதைக் குறைச்சல் இருக்கிறதோ தெரியாது, நம் ஆட்கள் சிலர் ஒரே போட்டியோடு முகம் சுளித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஏரியை முப்பது வருஷமாகத் தெரிந்த ஒரு மனிதர் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க நின்று பார்க்கிறோம். காசு கொடுத்து கைடு வைத்தால்கூட இவ்வளவு சொல்லித்தரமாட்டார்.

பின்தளத்துக்கென்று சில ஒழுக்கம் உண்டு. அதைத்தான் எல்லாரும் கவனிப்பார்கள், உங்கள் மீனை அல்ல. அவருடைய பக்கம் தாண்டி முன்னால் வீசாதீர்கள். கம்பைப் பின்னால் ஓங்குவதற்கு முன் ஒரு முறை திரும்பிப் பாருங்கள், மூன்று முள் கொண்ட கொக்கி காதில் ஏறினால் போட்டி ஆஸ்பத்திரியில் முடியும். நாலு கம்பு, ஒரு சின்னப் பை, அதற்கு மேல் கடைத்தெருவைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள். அவருக்கு மீன் மாட்டினால் உங்கள் கம்பைக் கீழே வைத்துவிட்டு வலையை எடுங்கள். பெட்ரோலில் பங்கை அவர் கேட்பதற்கு முன்னால் நீட்டுங்கள். அப்புறம், வாழைப்பழம் கொண்டுபோகாதீர்கள். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கடிக்காது என்று ஒரு நம்பிக்கை. என் பையிலிருந்த இரண்டு பழத்தைப் பார்த்ததும் ஒருவர் படகைத் திருப்பி, கரைக்கே வந்து, குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத்தான் மறுபடி கிளப்பினார். வாழைப்பழம் இல்லாமல் எந்த நல்ல காரியமும் தொடங்காத வீட்டில் வளர்ந்தவன் நான். வாயைத் திறக்கவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்ஸஸில் தொடர்ந்து ஆறு மாதம் வசிக்காதவர் உள்ளூர்க்காரர் ஆகமாட்டார், ஆகவே இப்போதைக்கு நீங்கள் வெளியூர்க்காரருக்கான மீன்பிடி லைசென்ஸ்தான் எடுக்க வேண்டும். விலை கூடுதல்தான், எடுங்கள். டெக்ஸோமா ஏரி பாதி ஓக்லஹோமாவில் கிடக்கிறது, அங்கே போட்டி என்றால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு தனி லைசென்ஸ் உண்டு. 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட படகை ஓட்டப் படகோட்டிப் பயிற்சிச் சான்று வேண்டும். போட்டருக்கு ஏதாவது ஆகிவிட்டால் படகைக் கரைசேர்க்கப்போவது நீங்கள்தான், அதனால் அந்த வகுப்பை முடித்துவிடுங்கள். பெரிய மோட்டார் ஓடும்போது உயிர்காப்பு உடை போட்டே ஆக வேண்டும் என்பது கிளப் விதி. ஹெச்1பி விசாவில் இருந்துகொண்டு வார இறுதியில் கைடு வேலை செய்து காசு வாங்கும் யோசனை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பரிசுப் பணமும் வருமானம்தான், வரிப் படிவத்தில் காட்ட வேண்டும்.

நீங்கள் சைவம் என்பதற்கு வருகிறேன். உங்களைவிட இந்த விளையாட்டுக்குப் பொருத்தமானவர் கிடையாது, மீனை யாரும் சாப்பிடப்போவதில்லை. புழு, சின்ன மீன் எதுவும் கோர்ப்பதில்லை, எல்லாம் செயற்கை இரை. 14 அங்குலத்துக்குக் குறைந்த பாஸ் என்றால் அப்போதே தண்ணீருக்குள். மிச்சத்தில் பெரிய ஐந்தைக் காற்றோட்டம் உள்ள தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, மாலையில் எடை போட்டு, திரும்ப ஏரியில் விட்டுவிட வேண்டும். ஒரு மீன் செத்தால் எடையில் கழிப்பார்கள். நேரத்துக்கு வராவிட்டால் நிமிடத்துக்கு எடையில் ஒரு பவுண்டு போகும். பாஸ் போட்டியை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த ரே ஸ்காட், 1967-இல் ஆர்கன்ஸாஸின் பீவர் ஏரியில் முதல் பெரிய போட்டியை நடத்தினார். சில வருஷம் கழித்து, 1972-இல், மீனைக் கொல்லாமல் திருப்பிவிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். லேக் ஃபோர்க் ஏரியில் கெடுபிடி இன்னும் அதிகம். 16 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் வரை உள்ளதைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். எங்கள் கிளப் அங்கே போனால் பலகையில் வைத்து அளந்து, படம் எடுத்து, அதையே கணக்கு வைத்துக்கொள்கிறோம். மாநில சாதனை மீன் அங்கேதான் கிடைத்தது, 1992-இல், 18.18 பவுண்டு.

இதை நம் ஆட்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் ஒருவர் வந்து, "அண்ணே, நேத்து எத்தனை? குழம்பா வறுவலா?" என்கிறார். விட்டுவிட்டேன் என்றால் புத்தி பேதலித்தவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் கடையில் வாங்கலாம். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். லூயிஸ்வில் ஏரிக்கரையில் லைசென்ஸ் இல்லாமல், பத்து அங்குலக் குட்டியையெல்லாம் வாளியில் நிரப்பிக்கொண்டு கிளம்புகிற சிலரைப் பார்த்திருக்கிறேன், அதில் தமிழ்க் குரலும் கேட்டிருக்கிறது. மீன்பிடிச் சட்டத்தைக் கவனிக்கும் வார்டன் அபராதச் சீட்டு கிழிக்கும்போது மட்டும் அவர்களுக்கு நான் சொந்தக்காரன் ஆகிவிடுகிறேன்.

ஏமாற்றக் கூடாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் இவர்கள் அதை எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்திருக்கட்டும். 2022-இல் ஈரி ஏரியில் வால்ஐ (walleye) என்ற மீனுக்கான போட்டி ஒன்றில் மீனின் வயிற்றில் ஈயக் குண்டைத் திணித்து எடை கூட்டிய இருவர் ஜெயிலுக்கே போனார்கள். டெக்ஸஸில் போட்டி மோசடிக்கென்றே சட்டம் இருக்கிறது.

எப்படி நடத்துவார்கள் என்று கேட்டீர்கள். எல்லாரும் தங்கம் என்று நான் சொல்லமாட்டேன். விடிவதற்கு முன் படகுகள் வரிசையில் மிதக்கும்போது ஒருவர் ஜெபம் சொல்வார், தேசிய கீதம் ஒலிக்கும். தொப்பியைக் கழற்றிவிட்டு அமைதியாக நின்றால் போதும், யாரும் உங்களை மதம் மாற்ற வரவில்லை. அரசியல் பேச ஆரம்பித்தால் தண்ணீர் எவ்வளவு சூடு என்று கேளுங்கள், பேச்சு மாறிவிடும். என் பெயரைக் கடைசிவரை சரியாகச் சொல்லாத ஆள் ஒருவர் இருந்தார். அவர்தான் எனக்கு டிரெய்லரைப் பின்னால் தள்ளக் கற்றுக்கொடுத்தார்.

அது பெரிய வித்தை, தம்பி. படகை இறக்கும்போது போட்டர் படகுக்குள் இருப்பார், டிரக்கைச் சரிவில் பின்னால் விடுவது நான்-போட்டரின் வேலை. ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடது பக்கம் போகும். பின்னால் பத்துப் படகு காத்திருக்க, எல்லா ஹெட்லைட்டும் நம் முதுகில். நான் வந்த காலத்தில் இர்விங்கில் ஒரு அபார்ட்மென்ட்டில் நாலு பேர், காருக்கு ஒருவர் கையை இன்னொருவர் எதிர்பார்க்க வேண்டும், சனிக்கிழமை முழுக்கத் துணி துவைப்பதும் சாம்பார் வைப்பதும்தான். திருப்புவனம் பக்கத்துக் கண்மாயில் மாமாவோடு தவளையைக் கோர்த்து விரால் பிடித்தவனுக்கு, ஏரி இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தொட முடியாமல் இருந்தது எப்படி இருந்திருக்கும் பாருங்கள். பாஸும் விரால் மாதிரியேதான், பாசியின் நிழலில் அசையாமல் கிடந்து மேலே தவளை போனால் பிளந்துகொண்டு வரும். ரே ராபர்ட்ஸ் ஏரியில் முதன்முதலில் ரப்பர் தவளைமேல் அந்தச் சத்தம் கேட்டபோது நான் தமிழில்தான் கத்தினேன்.

டிரெய்லர் கற்றுக்கொடுத்த அந்த ஆள் ஒரு சர்ச்சின் காலி பார்க்கிங்கில், ஞாயிறு மாலை, இரண்டு குப்பைத்தொட்டிகளை நட்டுவைத்தார். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தை ஒரே கையால் பிடிக்கச் சொன்னார். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து, அவ்வளவுதான் என்றார். இருட்டும்வரை பின்னால் விடுவதும் முன்னால் எடுப்பதுமாக இருந்தேன். இன்றைக்கு எந்தச் சரிவிலும் ஒரே தள்ளலில் இறக்கிவிடுவேன். புதிதாக வருகிற வெள்ளைக்காரப் பையன்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆகவே திங்கட்கிழமை உங்கள் பக்கத்து இருக்கைக்காரரிடம் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். மாதக் கூட்டம் அநேகமாக ஏதாவது பார்பிக்யூ கடையில்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அங்கே பீன்ஸுக்குள்ளும் இறைச்சி கிடக்கும்.