நட்சத்திரம் போட்ட ஜீப்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

தோப்புக்குப் போய்வரவும் வார இறுதியில் மலையேறவும் பழைய ஜீப் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஒன்று அமைந்திருக்கிறது. 1944 மாடல், ஒரிஜினல் மிலிட்டரி வில்லிஸ், ஏலத்தில் வந்தது என்கிறார் விற்பவர். பச்சை பெயின்ட், பானட்டில் வெள்ளை நட்சத்திரம், ஒன்பது ஓட்டை கிரில். ஆர்.சி.யிலும் வில்லிஸ் என்றுதான் இருக்கிறது. இப்போது டீசல் இஞ்சின் ஏற்றியிருக்கிறார்கள். பழைய பெட்ரோல் இஞ்சினைச் சேர்த்தே தருகிறாராம். 50 கி.மீ. தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது, வீல் பேலன்ஸிங் செய்தால் போய்விடும் என்கிறார். எதை நம்புவது? வின்டேஜ் நம்பர் வாங்க முடியுமா?

பொள்ளாச்சி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயின்டும் நட்சத்திரமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒன்பது ஓட்டை கிரில் புதிதாகவே கிடைக்கிறது, கழற்றி மாட்டிவிடலாம். ஆர்.சி.யில் வில்லிஸ் என்றிருப்பதும் எதையும் நிரூபிக்காது. போருக்குப் பின் வந்த சிவிலியன் சிஜே வண்டிகளும் வில்லிஸ்தான். 1940களின் இறுதியிலிருந்து மஹிந்திரா இங்கே பூட்டிக் கொடுத்ததும் அவற்றைத்தான். ஆகவே முகத்தை விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுங்கள்.

ரேடியேட்டருக்குக் கீழே சேஸிஸின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் முன் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் அது போர்க்கால மிலிட்டரி வண்டியான வில்லிஸ் எம்பி, 1941-45. 'ப' எழுத்தைக் கவிழ்த்த மாதிரி இருந்தால் அதே மிலிட்டரி ஜீப்பை ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூ ஆக இருக்கலாம், சிஜேயாகவும் இருக்கலாம். ஃபோர்டு தன் போல்ட் தலைகளில்கூட 'எஃப்' என்று பொறித்தது; துரு சுரண்டித் தேடுங்கள். போர்க்கால வண்டிக்குப் பின்கதவு கிடையாது. பெட்ரோல் மூடி டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். ஹெட்லைட் கீலில் திரும்பி இஞ்சின் பக்கம் வெளிச்சம் காட்டும். எல்லாமே இடப்பக்க ஸ்டியரிங். வலப்பக்கம் மாற்றியிருந்தால் அதனாலேயே போலி ஆகிவிடாது, ஆனால் ஸ்டியரிங் பாக்ஸைத் தாங்கும் வெல்டிங்கை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த சோதனைக்கு ஒரு ஜாக்கியும் ஒரு சாக்பீஸும் போதும். ஆக்சில் விகிதம் என்பது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. எம்பியில் அது 4.88, சிஜே-2ஏ, 3ஏ, 3பி வண்டிகளில் 5.38. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள், அது பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைத்தான், அதாவது பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டைத்தான், பிடிக்கிறது. கியர் லீவரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) லீவரும் நியூட்ரலில் இருக்கட்டும், ஃபோர் வீல் விலகியிருக்கட்டும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, டயரிலும் ஷாஃப்டிலும் கோடு போட்டு, சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள்; மறு சக்கரம் நிற்பதால் இரண்டு சுற்றுதான் ஒரு சுற்றுக்குச் சமம். ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 4.88. ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போனால் 5.38. பிறகு பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் ஆக்சிலிலும் இதையே செய்யுங்கள்.

முன்னும் பின்னும் வேறுவேறாக வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், அல்லது ஒரு ஆக்சிலின் விலையைக் கழித்துக் கேளுங்கள். பல வண்டிகளைப் பிரித்துக் கோத்த ஜீப்புகளில் வரும் கோளாறு இது. டூ வீல் டிரைவில் ஒன்றும் தெரியாது. ஃபோர் வீல் போட்டதும் ஷாஃப்டின் ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரு சுற்று ஒத்துப்போகாது. சேற்றில் டயர் வழுக்கி அதைச் சமாளித்துவிடும். தார் ரோட்டில் அந்த முறுக்கம் எங்கும் போக வழியில்லாமல் லீவர் இறுகும், கடைசியில் யுனிவர்சல் ஜாயின்டோ டிரான்ஸ்ஃபர் கேஸோ உடையும்.

ஸ்டியரிங் உதறலுக்கு பேலன்ஸிங் மருந்தல்ல. உதறல் வேறு வேகத்துக்கு நகரும், அவ்வளவுதான். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்ட, நீங்கள் கீழே படுத்து அசைவு எங்கே தொலைகிறது என்று பாருங்கள். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் டிராக் லிங்க்கையும் சக்கரங்களுக்குப் போகும் டை ராடுகளையும் இணைக்கும் பெல் கிராங்க்தான் முதல் சந்தேகம். பிறகு சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின், அதாவது சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் இடமும் வலமும் திரும்பும் அச்சு. கிங்பின் மூடிக்கு அடியில் உள்ள ஷிம்களை (மெல்லிய தகடுகளை) குறைத்து இறுக்கலாம், ஆனால் மேலும் கீழும் சம அளவில்தான் எடுக்க வேண்டும். ஒரே பக்கம் எடுத்தால் நக்கிள் நடுவை விட்டு விலகும். சீலும் டை ராடும் கழற்றிய நிலையில் சுருள்வில் தராசால் நக்கிளை இழுத்தால் 2 முதல் 2.7 கிலோவில் திரும்ப வேண்டும். டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு, 1.2 முதல் 2.4 மி.மீ.

பழைய இஞ்சின் எது என்பதையும் பாருங்கள். போர்க்கால 'கோ டெவில்' 2,199 சிசி, 60 குதிரைசக்தி, சைடு வால்வு. அதன் தலை தட்டையாக இருக்கும், மேலே வால்வு கவர் இருக்காது. கவர் இருந்தால் அது சிஜே-3பியின் இஞ்சின். எண் பிளாக்கின் வலப்பக்க முன் மேல் மூலையில் இருக்கும், ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். திரும்ப ஏற்றினால், அது 6 வோல்ட் என்பதை மறக்காதீர்கள். அதே வேலைக்கு 12 வோல்ட்டைப் போல இரு மடங்கு கரன்ட் ஓடும். இன்றைய கார் பேட்டரி கேபிளைப் போட்டால் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றும், பழி ஸ்டார்ட்டர் மேல் விழும். 50 சதுர மி.மீ. கேபிள் போடுங்கள்.

வின்டேஜ் பதிவுக்கான விதிகள் 2021இல் வந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இஞ்சின் மூன்றிலும் மாற்றம் கூடாது. டீசலோடு இது நடக்காது. டீசலுக்காக சேஸிஸின் இஞ்சின் மவுன்ட்டுகளை வெட்டியிருந்தால் பழைய இஞ்சினை ஏற்றினாலும் சிக்கல்தான், அதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கட்டணம் பத்து ஆண்டுக்கு 20,000 ரூபாய். ஆனால் அந்த நம்பரோடு கண்காட்சிக்கும் பேரணிக்கும், பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் தோப்புக்குப் போக அனுமதி இல்லை. தோப்புதான் முக்கியம் என்றால், நட்சத்திரம் போடாத ஒரு மஹிந்திராவைப் பாருங்கள்.