மின்தடைக்குப் பின் முகவரி இழந்த கேமராக்கள்

கேள்வி: எங்கள் கல்லூரியில் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 3750 சுவிட்ச் உள்ளது. கண்காணிப்புக் கேமராக்களின் வீலேனுக்கு (சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த வலையமைப்பு) ஓர் ஆக்சஸ் லிஸ்ட் (எந்தத் தரவு செல்லலாம், எது கூடாது என்ற விதிப் பட்டியல்) எழுதினோம். கணக்குப் பிரிவு சர்வரை அணுகுவதற்குத் தடை முதல் வரி. கேமரா முகவரிகளிலிருந்து மற்ற எங்கும் செல்ல அனுமதி இரண்டாவது வரி. நன்றாகவே இயங்கியது, ஒரு மின்தடைக்குப் பின் எந்தக் கேமராவுக்கும் ஐபி முகவரி கிடைக்கவில்லை. மாலையில் பேக்கப் ஓடும்போது ஐபி தொலைபேசியில் பேச்சும் விட்டுவிட்டுக் கேட்கிறது. கியூஓஎஸ் (தரவு வகைகளுக்கு முன்னுரிமை தரும்) வசதியை இயக்கியும் பயனில்லை. ஏன்?

பதில்: உங்கள் பட்டியலில் இரண்டு வரிகள்தாம் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் ஒவ்வோர் ஆக்சஸ் லிஸ்ட்டின் முடிவிலும், மேலே எதிலும் பொருந்தாத பேக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) அனைத்தையும் தடுக்கும் ஒரு வரி, எழுதாமலேயே இருக்கிறது. முகவரி பெற்றுவிட்ட கேமரா அதைப் புதுப்பிக்கும்போது தன் முகவரியிலிருந்தே கேட்பதால், உங்கள் இரண்டாவது வரி அதை அனுமதித்தது. மின்சாரம் போய் வந்து புதிதாகத் தொடங்கும் கேமராவோ, தனக்கென முகவரி இல்லாத நிலையில், 0.0.0.0 என்ற மூல முகவரியுடன் டிஎச்சிபி (சாதனங்களுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் முறை) கோரிக்கையை அனுப்புகிறது. அது கேமரா முகவரிகளுள் அடங்காததால் அந்த மறைவான வரியில் சிக்கி நின்றுவிடுகிறது. இந்தக் கோரிக்கை யுடிபி நெறிமுறையின் 68ஆம் போர்ட்டிலிருந்து (மென்பொருள் வாயில் எண்) 67ஆம் போர்ட்டுக்குச் செல்வதை அனுமதிக்கும் வரியொன்றைப் பட்டியலின் தலையில் சேருங்கள். பட்டியல் மேலிருந்து கீழாகவே படிக்கப்படும், முதலில் பொருந்தும் வரியே முடிவு என்பதால், எல்லாவற்றையும் அனுமதிக்கும் வரியைத் தடைக்கு மேலே வைத்துவிட வேண்டாம். வைத்தால் கணக்குப் பிரிவு சர்வர் திறந்தே கிடக்கும்.

பேச்சுத் தடங்கலுக்கு வருவோம். தொலைபேசி தன் குரல் பேக்கெட்டுகளில் பொதுவாக டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறியீட்டை இட்டு அனுப்புகிறது. ஆனால் 3750 வகையில் கியூஓஎஸ்ஸை இயக்கிய கணமே, நம்பகமானதென்று நீங்கள் அறிவிக்காத போர்ட்டுகளில் (இங்கே, சுவிட்சில் கேபிள் செருகும் துளைகள்) வரும் குறியீட்டைச் சுவிட்ச் 0 ஆக்கிவிடுகிறது. எனவே குரலும் பேக்கப்பும் ஒரே வரிசையில் நிற்கின்றன. தொலைபேசிப் போர்ட்டுகளிலும், சுவிட்சுகளை இணைக்கும் அப்லிங்க்கின் இரு முனைகளிலும் டிஎஸ்சிபியை நம்பும்படி அமைத்து, நெரிசல் நேரும் அப்லிங்க்கில் முன்னுரிமை வரிசையையும் இயக்குங்கள். கணினி மட்டும் இணைந்த போர்ட்டுகளை நம்பாமல் விடுவதே நல்லது. கணினியிலும் எவரும் 46 என்று குறியிட முடியும். முன்னுரிமை, இணைப்பின் அகலத்தைக் கூட்டாது. நெரிசலில் யார் முதலில் செல்வது என்பதை மட்டுமே தீர்மானிக்கும். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஓர் உரையாடலுக்குத் திசைக்கு 64 கிலோபிட் குரலும் ஒவ்வொரு பேக்கெட்டிலும் சேரும் முகவரி முதலிய தலைப்புத் தகவலின் சுமையும் போதும் என்பதால், குரலுக்கு வழிவிட்டாலும் பேக்கப்பின் வேகம் குறைவது தெரியாது.