குழந்தைகளுக்கு வர்ற நரம்புக் கட்டி பரவுறதுல மைக்ரோ ஆர்என்ஏ என்ன பண்ணுது? கேளுங்க, சொல்றேன்

இந்தக் கட்டிக்கு நியூரோபிளாஸ்டோமான்னு பேரு, லேப்ல அதோட செல்லை வச்சு வேலை பாக்குறேன். ட்ரீட்மென்ட் பத்தி முடிவு உங்க டாக்டர்தான் சொல்லணும், சயின்ஸ் எனக்குத் தெரிஞ்சவரை சொல்றேன்.

கேள்வி: மைக்ரோ ஆர்என்ஏன்னா என்ன மேடம்?

பதில்: ஏறக்குறைய 22 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏ. அதுலருந்து புரோட்டீன் எதுவும் வராது, ஆனா மத்த ஜீன் அனுப்புற மெசேஜ்ல போய் ஒட்டிக்கிட்டு புரோட்டீன் ஆகவிடாம அடக்கிரும். 1993ல ஒரு புழுவுல முதல்ல கண்டுபிடிச்சாங்க, அதுக்குத்தான் ஆம்ப்ரோஸ், ருவ்கன் ரெண்டு பேருக்கும் 2024ல நோபல் கிடைச்சது.

கேள்வி: தங்கச்சி பையனுக்கு ரெண்டு வயசு, எலும்பு மஜ்ஜைக்கும் போயிருச்சாம். நாங்க லேட்டா பாத்ததாலயா அக்கா?

பதில்: இல்லம்மா, தயவுசெஞ்சு அந்தப் பழிய நீங்க சுமக்காதீங்க. கண்டுபிடிக்கும்போதே பாதிக் குழந்தைகளுக்கு பரவித்தான் இருக்கு. இந்தக் கட்டி நியூரல் கிரெஸ்ட்ங்கற கருச் செல்லோட வழியில வர்றது, அந்தச் செல்லுங்க கரு வளரும்போது இடம்விட்டு இடம் நகர்ந்து போய்த்தான் நரம்பா, அட்ரீனலோட உள்பகுதியா மாறும், அப்போ நகர்றது அதுக்குப் பிறவியிலேயே இருக்குற குணம்.

கேள்வி: ரிப்போர்ட்ல எம்ஒய்சிஎன் ஆம்ப்ளிஃபைடுன்னு இருக்கு. இதுக்கும் மைக்ரோ ஆர்என்ஏவுக்கும் என்ன சம்பந்தம் சார்?

பதில்: (மேடம்தான், பரவால்ல.) நிறைய சம்பந்தம் இருக்கு. எம்ஒய்சிஎன்ங்கறது செல்லைப் பெருகவைக்குற ஒரு ஜீன், ஆம்ப்ளிஃபைடுன்னா அது பல காப்பி ஆயிருக்குன்னு அர்த்தம், அஞ்சுல ஒரு கட்டியில அப்படி இருக்கும். அது மிர்-17-92ங்கற மைக்ரோ ஆர்என்ஏ கூட்டத்தை ஏத்திவிடும் (மிர்னு வந்தா மைக்ரோ ஆர்என்ஏதான்), அந்தக் கூட்டம் செல் பெருகாம நிறுத்துற பி21, செல்லை சாகவைக்குற பிம் ரெண்டையும் அடக்கிரும். மிர்-9ஐயும் எம்ஒய்சிஎன் தூண்டும், மார்பகப் புற்றுநோய் செல்லுல பாத்தப்போ அது செல்லையும் செல்லையும் ஒட்டி வைக்குற ஈ-கேதரினைக் குறைச்சு செல்லை நகரவிட்டுச்சு. இன்னொரு பக்கம் பிரேக் போடவேண்டிய லெட்-7னு ஒரு மைக்ரோ ஆர்என்ஏ இருக்கே, அதை லின்28பிங்கற புரோட்டீன் முதிரவே விடாது, அதுபோக எம்ஒய்சிஎன் மெசேஜே அளவுக்கு மீறி குவிஞ்சு லெட்-7ஐ உறிஞ்சிக்குதுன்னு 2016ல காட்டுனாங்க. எனக்கு இந்த ஆராய்ச்சியிலயே ரொம்ப முக்கியமாப் படுறது இதுதான், பிரேக்கையே அது தின்னுருது. மிர்-34ஏவும் ஒரு பிரேக்தான், அது இருக்குற ஒன்னாவது குரோமோசோம் நுனியே பல கட்டிகள்ல காணாம போயிருக்கும்.

கேள்வி: இந்தக் கட்டி பக்கத்து செல்லையும் கெடுக்குமாமே?

பதில்: ஆமா. எக்சோசோம்னு சின்னச் சின்னப் பை, அதுல மிர்-21ஐ வச்சு கட்டி மோனோசைட்டுங்கற வெள்ளை அணுவுக்கு அனுப்பும், அது திரும்ப மிர்-155ஐ கட்டிக்கே அனுப்பும், கட்டி கீமோவுக்கு அடங்காம போகும். 2015ல லேப்ல பாத்தது.

கேள்வி: அப்போ மிர்-34ஏவையே மருந்தா குடுத்தா என்ன?

பதில்: குடுத்துப் பாத்தாங்க. எம்ஆர்எக்ஸ்34னு பேரு, பெரியவங்களுக்கு 2013ல சோதனை ஆரம்பிச்சு, இம்யூன் சிஸ்டம் கடுமையா எதிர்வினை காட்டுனதால 2016ல நிறுத்திட்டாங்க. அதனால மைக்ரோ ஆர்என்ஏ மருந்துன்னு யாராவது இப்போ வித்தா பணம் குடுக்காதீங்க, எம்ஒய்சிஎன், அப்புறம் 1பி, 11க்யூ (ஒன்னாவது, பதினொன்னாவது குரோமோசோமோட ஒரு பகுதி காணாம போயிருக்கான்னு பாக்குறது) டெஸ்ட் எடுத்தாச்சான்னு மட்டும் உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

கேள்வி: பாப்பாவுக்கு 4 மாசம், லிவர்ல இருக்கு, பொறுத்துப் பாக்கலாம்ங்கறாங்க. பயமா இருக்கு.

பதில்: பயம் வரத்தான் செய்யும்மா. ஆனா எம்எஸ் ஸ்டேஜ்னு ஒன்னு உண்டு, லிவர், தோலு, கொஞ்சம் மஜ்ஜைன்னு பரவியிருந்தும் எம்ஒய்சிஎன் பல காப்பி ஆகாத பச்சக் குழந்தைகள்ல பலருக்குத் தானாவே சுருங்கிரும், அதனாலதான் பொறுக்கச் சொல்லியிருப்பாங்க. செக்கப் ஒன்னுகூட விடாதீங்க, வயிறு திடீர்னு வீங்கி மூச்சு வாங்குச்சுன்னா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம அப்பவே தூக்கிட்டு ஓடுங்க.