ஆங்கிலத்தில் சோல்மண்டலி (Cholmondeley) என்று எழுதிவிட்டு 'சம்லி' என்கிறார்களே, இந்தக் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது?

இது ஊர்ப் பெயர். இங்கிலாந்தின் செஷயரில் அந்த ஊர் இன்றும் இருக்கிறது; 1086-இல் தொகுத்த டூம்ஸ்டே என்ற இங்கிலாந்து நிலக் கணக்கெடுப்புப் பதிவேட்டிலேயே வருகிறது. 'கியோல்மண்ட்' என்பவரின் காட்டுவெளி என்று பொருள். நிலத்தை ஆண்ட குடும்பம் ஊர்ப் பெயரையே சூடிக்கொண்டது. பேச்சில் நடு அசைகள் தேய்ந்தன. ஏட்டில் பன்னிரண்டு ஆங்கில எழுத்தும் அப்படியே நின்றுவிட்டன.

குடும்பத்துக்கு 1706-இல் ஏர்ல் என்ற பிரபுப் பட்டம், 1815-இல் அதைவிட உயர்ந்த மார்க்விஸ் பட்டம். எனக்கு மிகவும் பிடித்தது, லண்டன் டேட் அருங்காட்சியகத்திலுள்ள 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்க ஓவியம். ஒரே கட்டிலில் இந்தக் குடும்பத்து இரண்டு பெண்கள், கையில் சிவப்புத் துணி சுற்றிய குழந்தைகள். இருவரும் ஒரே நாளில் பிறந்து, மணந்து, பிள்ளை பெற்றவர்கள் என்று அதன் மூலையிலேயே எழுதியிருக்கிறது!

அப்புறம், பழைய ஆவணங்களில் தேடுவதானால் சோம்லி, சம்லி போன்ற சுருங்கிய எழுத்து வடிவங்களையும் சேர்த்தே பாருங்கள்.