புளியங்கொட்டை ஏன் சுட்டது?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகளின் சந்தேகம் இது. வேலை என்றால் விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி. அரிசி மூட்டையை வாசல்வரை இழுத்துப் போய், திரும்பப் பழைய இடத்துக்கே இழுத்து வந்தால் இடப்பெயர்ச்சி சுழி. அப்போது உராய்வு செய்த வேலையும் சுழிதானே?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். பி.எஸ்சி. முதல் வருடப் பரீட்சையில் ‘சுழி’ என்று தைரியமாக எழுதினேன். மார்க்கும் அதுவேதான் வந்தது.

விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி என்ற கணக்கு, விசை வழி முழுக்க ஒரே அளவில் ஒரே திசையில் இருந்தால்தான் செல்லும். புவியீர்ப்பு அப்படிப்பட்டது, எப்போதும் கீழ்நோக்கித்தான் இழுக்கும். உராய்வு அப்படியில்லை. வாசல் பக்கம் இழுத்தால் அது சுவர் பக்கம் இழுக்கும். நீங்கள் திரும்பினால் அதுவும் திரும்பிக்கொள்ளும். ஆகவே போன வழிக்குத் தனி, வந்த வழிக்குத் தனி என்று கணக்குப் போட வேண்டும்.

மூட்டை 25 கிலோ, உராய்வுக் குணகம் (சமதரையில், எடையில் எத்தனை பங்கு உராய்வாக எதிர்க்கிறது என்ற எண்) 0.4 என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்தால் உராய்வு விசை 100 நியூட்டன். வாசல் 5 மீட்டர் தூரம். உராய்வு எப்போதும் எதிர்த்திசையில் இழுப்பதால் வேலைக்குக் கழித்தல் குறி: போகும்போது −500 ஜூல், வரும்போதும் −500 ஜூல். மொத்தம் −1000. வழியில் கிடக்கும் கட்டிலைச் சுற்றி 7 மீட்டர் இழுத்துப் போனால் போகவே −700. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் மாறவில்லை, வேலை மட்டும் மாறிவிட்டது.

அதே மூட்டையை 2 மீட்டர் உயரப் பரணில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். புவியீர்ப்பு செய்யும் வேலை ஏற்றும்போது −500, இறக்கும்போது +500. ஏணியில் ஏற்றினாலும் சாய்வுப் பலகையில் ஏற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால்தான் பரணில் இருக்கும் மூட்டைக்கு இவ்வளவு நிலை ஆற்றல் என்று சொல்ல முடிகிறது. வாசலில் கிடக்கும் மூட்டைக்கு ‘உராய்வு நிலை ஆற்றல்’ எவ்வளவு? 500-ஆ, 700-ஆ? சொல்ல வழியில்லை. பாடப்புத்தகம் புவியீர்ப்பை ஆற்றல் மாற்றா விசை என்றும், உராய்வை ஆற்றல் மாற்றும் விசை என்றும் பிரிப்பது இதை வைத்துத்தான். (ஒரு எழுத்தில் உயிர் போகும் பெயர்கள், பரீட்சையில் கவனமாக எழுதச் சொல்லுங்கள்.)

சரி, அந்த 1000 ஜூல் எங்கே போனது? தாயம் விளையாட நாங்கள் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைச் சிமென்ட் தரையில் தேய்ப்போம். நாலு விரல் அகலத்துக்குள் முன்னும் பின்னும் போய்வரும். கறுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும் நேரத்தில், அதைத் தம்பியின் முழங்கையில் வைத்தால் துள்ளிக் குதிப்பான். கொட்டை புறப்பட்ட இடத்துக்கேதான் வந்து நிற்கிறது. ஆனால் தேய்த்த கையின் உழைப்பு, கொட்டையிலும் தரையிலும் உள்ள கணக்கற்ற மூலக்கூறுகளின் நடுக்கமாகச் சிதறிவிட்டது. கொட்டையைப் பின்பக்கமாகத் தேய்த்தால் அது குளிராது, இன்னும்தான் சுடும். மூட்டை விஷயத்தில் சூடு தெரியாததற்குக் காரணம் அளவுதான்: 1000 ஜூல், ஒரு லிட்டர் தண்ணீரைக் கால் டிகிரிகூடச் சூடாக்காது.

மியூனிக்கில் பீரங்கிக் குழாய் குடைவதைக் கவனித்துவந்த ரம்ஃபோர்டு, 1798-இல் இதைப் பெரிய அளவில் எழுதிவைத்தார். மழுங்கிய துளைக்கருவி அசையாமல் அழுந்தியிருக்க, குழாயைக் குதிரையால் சுழலவைத்து, அதைச் சுற்றித் தண்ணீர் நிரப்பினார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும் குழாய்தான் அதுவும்!

கேள்வி: அப்படியென்றால் உராய்வின் வேலை எப்போதும் எதிர்க்குறிதானா? (அதே வாசகி)

பதில்: இல்லை. கடையிலிருந்து அந்த மூட்டை டெம்போவில் வந்ததல்லவா? வண்டி வேகமெடுக்கும்போது மூட்டையை முன்னால் கொண்டுபோவது, அதற்கும் பலகைக்கும் இடையிலுள்ள நிலை உராய்வுதான் (வழுக்காமல் பிடித்துவைக்கும் உராய்வு). தெருவில் நின்று பார்ப்பவருக்கு அது நேர்க்குறி வேலை. மூட்டை வழுக்காதவரை அங்கே சூடும் கிடையாது. பலகையில் எண்ணெய் சிந்தியிருந்தால் வண்டி முன்னால் போகும், அரிசி பின்னால் தெருவில் இருக்கும்.