ஜீப்ரா மீன் குஞ்சின் துடிப்பு குறைவது சிபி1 ஏற்பியாலா?

வணக்கம். 3 நாள் வயது ஜீப்ரா மீன் குஞ்சுகளுக்கு, சிபி1 என்ற கன்னாபினாய்டு ஏற்பியை (கஞ்சாவின் வேதிப்பொருள்கள் பற்றிக்கொள்ளும் உயிரணுப் புரதம்) தூண்டும் வின் 55,212-2 மருந்தைக் கொடுத்ததும் இதயத்துடிப்பு குறைந்தது, அந்த ஏற்பியைத் தடுக்கும் ஏஎம்251 சேர்த்தும் மீளவில்லை, அப்படியானால் சிபி1-க்கு இதில் பங்கில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு சோதனையை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது.

வயதுதான் பெரிய சிக்கல். கருவுற்ற சுமார் 24 மணி நேரத்திலேயே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் அதை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி சில நாள் கழித்துத்தான் வருகிறது. சிபி1 பெரும்பாலும் நரம்பு முனைகளில் இருந்துகொண்டு, அங்கிருந்து வெளியாகும் வேதித்தூதுகளைக் குறைக்கும் ஏற்பி. நரம்பே இதயத்தை ஆளத் தொடங்காத வயதில் அந்த வழியாக என்ன பெரிதாக மாறிவிடும்?

அதனால் நேரடி விளைவையும் சந்தேகியுங்கள். செறிவு கூடினால் வின் மருந்து ஏற்பியைச் சாராமலே, துடிப்புக்குத் தேவையான கால்சியம் உயிரணுவுக்குள் நுழையும் வாயில்களைத் தடுக்கும். அதன் கண்ணாடி வடிவமான வின் 55,212-3 சிபி1-இல் ஏறக்குறையச் செயலற்றது. அதுவும் துடிப்பை அதே அளவு குறைத்தால் சிபி1 மீதான சந்தேகம் பெரிதும் தளரும். ஏஎம்251-ஐயும் முழுதாக நம்பாதீர்கள், அது ஜிபிஆர்55 என்ற வேறோர் ஏற்பியைத் தூண்டக்கூடியது.

மயக்கத்துக்கு ட்ரைகெய்ன் போட்டீர்களா? அதுவே துடிப்பைக் குறைக்கும். நுண்ணோக்கி விளக்கடியில் தட்டின் வெப்பம் 28.5 டிகிரியில் நிற்கிறதா என்றும் பாருங்கள் (பலர் இதைக் கவனிப்பதே இல்லை).

நானாக இருந்தால் 6, 7 நாள் குஞ்சுகளில், வேகஸ் நரம்பு இதயத்துக்கு அனுப்பும் தூதைத் தடுக்கும் அட்ரோபின் கொடுத்தும் கொடுக்காமலும் திரும்பச் செய்வேன். அட்ரோபினில் அந்தக் குறைவு மறைந்தால் வேகஸ் வழி இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த வயதுக்கு நெறிமுறைக் குழு அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.